மறுமொழி கூறும் றிமோட்

எழுந்து செல்லாமல், அமர்ந்த கதிரையிலிருந்தே தொலைக்காட்சிப் பெட்டியை இயக்குதற்கு, அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து ஸெனித் கம்பெனியார் 1950 ஆம் ஆண்டில் ஒரு கருவியை விற்பனைக்கு விடுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘லேஸி போன்ஸ்’. சோம்பேறி என்பது பொருள். பெட்டிக்கும் கருவிக்கும் இடையே நீண்ட கம்பியொன்று தரையிற் கிடந்தது. நடமாடுவோர் கால் அதில் இடறிற்று. 1955 ஆம் ஆண்டில் யூஜின் பொலி என்பார் கம்பியை நீக்கி, பெட்டியின் மூலைகளில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி இயக்கும் வகையைக் கண்டார். சூரியவொளி பட்டபோதும் அப்பெட்டி கட்டளையென்றெண்ணி இயங்கத் தலைப்பட்டது. அடுத்த ஆண்டில் றொபேட் அட்லர் என்பார் அமைத்த கருவியோ மின்கலமும் வேண்டாதது. பொத்தானை அழுத்தினாற் சிறு சுத்தியல் அலுமினியக் கோலொன்றைத் தட்டும்; மனிதச் செவிக்கு எட்டாத அதன் நுண்ணொலியைப் பெட்டி கேட்டுப் பணியும். அம்முறை கால் நூற்றாண்டளவு நிலைத்து, 1980களில் அகச்சிவப்புக் கதிருக்கு இடங்கொடுத்தது.

இவையனைத்திற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இவை பேசும்; கேளா. நாம் இட்ட கட்டளை பெட்டிக்கு எட்டியதோ இல்லையோ என்பதைக் கருவி அறியாது. ஆதலினாலன்றோ நாம் றிமோட்டைத் தொடையில் இரண்டு முறை தட்டிவிட்டு, மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம்.

பத்துப் பன்னிரண்டு அலைவரிசைகளை மாற்றுதற்கு இக்குறை பெரிதன்று. ஆனால் இன்று பல வீடுகளிற் பழைய கணினியொன்று தொலைக்காட்சியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனுள்ளே படங்கள், ஆயிரக்கணக்கான பாடல்கள், கலியாண வீட்டு வீடியோக்கள், கோயிற் கொடியேற்றக் காட்சிகள், பிள்ளைகளின் முதற் பிறந்தநாட் படங்கள் யாவும் சேர்ந்துவிட்டன. இத்தகைய களஞ்சியத்தை நான்கு அம்புக்குறிப் பொத்தான்களைக் கொண்டு துழாவுதல், நூல்நிலையத்திற் கைச்சாடை காட்டி நூல் கேட்பதை ஒக்கும். இங்கேதான் கைத்தொலைபேசி உதவிக்கு வருகின்றது.

கணினியை இவ்வாறு வீட்டுக் களஞ்சியமாக்குதற்கு உலகெங்கும் வழங்கும் மென்பொருள்களுள் ஒன்று ‘கோடி’. பெயர் தமிழ்ச் செவிக்கு ஓர் எண்ணை நினைவூட்டும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 2002 ஆம் ஆண்டில் எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டு யந்திரத்துக்காகத் தொடங்கப்பெற்று, 2014 ஆம் ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. விலையில்லை. ஒதுக்கிவைத்த கணினியோ, உள்ளங்கையளவான றாஸ்பெரி பை என்னும் சிறு கணினியோ இதற்குப் போதும். மென்பொருளோடு படமெதுவும் வருவதில்லை. நாம் சேமித்ததையே அது காட்டும். ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று இதன் பெயராற் பெட்டி விற்பவர்களை நம்பவேண்டாம்.

இதனை இயக்குதற்கு அன்றொயிட் கைத்தொலைபேசிகளுக்குக் ‘கோர்’ என்னும் செயலியுண்டு; ஐபோனுக்கும் தனியே ஒன்றுண்டு. கணினியிற் கோடியின் அமைப்புப் பகுதியிற் சேவைகள், கட்டுப்பாடு என்னுந் தலைப்புகளைத் திறந்து, எச்.ரீ.ரீ.பி. வழியான தொலைக்கட்டுப்பாட்டுக்கு அனுமதி கொடுத்து, கடவுச்சொல் ஒன்றும் இடவேண்டும். கைத்தொலைபேசியும் கணினியும் ஒரே றூட்டரோடு இணைந்திருத்தல் அவசியம். பெரும்பாலும் செயலி தானே கணினியைக் கண்டுபிடித்துவிடும்; காணாவிடிற் கணினியின் முகவரியையும் 8080 என்னும் வாயிலெண்ணையும் நாமே எழுதிக் கொடுக்கலாம்.

இனிப் பொத்தானை அழுத்தினால் நிகழ்வது யாது? கைத்தொலைபேசி சிறு கடிதமொன்றை எழுதி அனுப்புகிறது. கணினி அதனைப் படித்துச் செய்து, செய்தேன் என்று மறுமொழி விடுக்கிறது. ஓடும் படத்தின் பெயர், கழிந்த நிமிடம், ஒலியின் அளவு யாவும் கைத்திரையில் வந்து நிற்கின்றன. குசினியில் நிற்பவரும் விறாந்தையிற் பாட்டை மாற்றலாம், சுவர் தடையன்று. பெயரின் சில எழுத்துக்களை இட்டாற் பட்டியல் சுருங்கி வேண்டியதைக் காட்டும். ஆனால் அதற்குக் கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயரிட்டிருத்தல் வேண்டும். கமரா இட்ட எண்களோடு அப்படியே போட்டுவைத்த கலியாண வீடியோவை எந்தச் செயலியும் தேடித் தராது. உறங்கும் கணினியை எழுப்பும் முறை எனக்கு மிகவும் பிடித்தது: அவ்வசதியுள்ள கணினியாயின், அதற்கே உரிய வலையமைப்பு முகவரியை 16 முறை அடுக்கிய செய்தியொன்றைக் கைத்தொலைபேசி அனுப்பும். பள்ளிக்கூட நாளிற் பிள்ளையை எழுப்புவதும் ஏறக்குறைய அவ்வாறே.

இதனால் டேட்டா தீர்ந்துவிடும் என்றஞ்சி இம்முறையையே விலக்குவோர் உளர். அச்சம் வேண்டியதில்லை. கட்டளை கைத்தொலைபேசியிலிருந்து றூட்டருக்கும், றூட்டரிலிருந்து கணினிக்கும் செல்வதன்றி வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. இணையத் தொடர்பு அறுந்த நாளிலும், றூட்டருக்கு மின்சாரம் இருந்தாற் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்க: இணையமில்லாத வைஃபையைக் கண்டால் சில கைத்தொலைபேசிகள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அப்பொழுது றிமோட் ஊமையாகும். டேட்டாவை நிறுத்திவைத்தாற் சரியாகிவிடும்.

அஞ்சவேண்டியது வேறொன்று. கேட்கும் செவியுடைய கணினி எவர் சொல்லையும் கேட்கக்கூடும். இவ்வழியிற் கடவுச்சொல் மறைகுறியின்றியே செல்கிறது. வீட்டு வைஃபைக்கு நல்ல பூட்டு இருக்கும்வரை இது பெருந்தீங்கன்று. விடுதிகளிற் பலர் ஒரே வைஃபையைப் பகிரும் மாணவர்கள் வேறெங்கும் உபயோகிக்கும் கடவுச்சொல்லை இதற்கு இடலாகாது. வெளியூரிலிருந்தும் இயக்கலாமே என்று றூட்டரின் வாயிலை உலகுக்குத் திறந்துவிடுவது அறவே தகாது. குடும்பப் படங்கள் உள்ள அலுமாரியை வீதியில் வைத்ததாகும். வீட்டினுள்ளேயும், செயலியுள்ள கைகளெல்லாம் சம உரிமை பெறுவதால், தம்பி வைத்த பாட்டை அக்கா அடுத்த அறையிலிருந்து நிறுத்தும் பூசலுக்கு மென்பொருளிற் பரிகாரமில்லை.

முதியோர்க்கு இம்முறை உவப்பானதன்று என்பதே என் கருத்து. பழைய றிமோட்டின் பொத்தான்களை இருட்டிலும் விரல் அறியும். கைத்தொலைபேசியையோ எடுத்து, பூட்டைத் திறந்து, கண்ணால் நோக்கியே தொடவேண்டும். இடையில் யாரேனும் அழைத்தால் அதுவும் குழப்பம். ஆதலின் அப்பாச்சியின் கையிலுள்ள றிமோட்டைப் பறிக்க வேண்டாம். றாஸ்பெரி பை உள்ள வீடாயின், எச்.டி.எம்.ஐ. வடத்தின் வழியே தொலைக்காட்சியின் சொந்த றிமோட்டும் கோடியை இயக்கும். தொலைக்காட்சியின் அமைப்பிற் சாம்சங் கம்பெனியார் அதனை ‘எனிநெற்’ என்றும், சொனியார் ‘பிராவியா சிங்க்’ என்றும், எல்.ஜி. கம்பெனியார் ‘சிம்பிலிங்க்’ என்றும் பெயரிட்டு வைத்திருப்பர். அதனைத் தேடித் திறந்துவிட்டாற் போதும்.