கூடாரத்துக்கும் காசா? ரொட்னெஸ்ட் தீவில் தங்குவது பற்றி ஒரு விளக்கம்



பாடசாலை விடுமுறைகள் பற்றிய எனது வானொலி உரைக்குப் பின்னர் தொலைபேசியில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரொட்னெஸ்ட் தீவைப் பற்றியவை. "அங்கே கூடாரம் அடித்துத் தங்கலாமாம், எவ்வளவு முடியும்?" என்று சிலர் கேட்டார்கள். "கிளாம்பிங் என்கிறார்களே, அது என்ன?" என்று வேறு சிலர். ஒரு தாய் மட்டும் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: "பிள்ளை ஆசைப்படுகிறான். ஆனால் அம்மம்மா, கூடாரம் என்றால் நான் வரமாட்டேன் என்று அழுகிறா. என்ன செய்வது?" முதல் இரண்டு கேள்விகளுக்கும் கணக்காளன் என்ற முறையில் என்னால் பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்குக் கணக்கு மட்டும் போதாது. மூன்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

ஆங்கிலத்தில் "காம்ப்" என்று ஒரே சொல்லால் சொல்வதை நாங்கள் தமிழில் "முகாம்" என்று எழுதிப் பழகிவிட்டோம். எங்கள் காதில் அந்தச் சொல் விழும்போது எழும் படம் வேறு. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அது மரத்தடியும் தறப்பாளும். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு அது முட்கம்பிக்குள் வரிசை வரிசையாக நின்ற வெள்ளைக் கூடாரங்கள். தமிழகத்தில் மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கியவர்களுக்கு அது பதிவும் வரிசையும். 2012 இல் நவுறுத் தீவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் இளைஞர்களுக்குத் தீவும் கூடாரமும் சேர்ந்தே ஒரு சிறை. அப்படி வாழ்ந்தவரிடம் போய், "வாருங்கள், ஒரு தீவில் கூடாரத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வருவோம், அதற்கு இவ்வளவு கட்டணம்" என்றால் அவர் திகைப்பதில் வியப்பில்லை.

பொழுதுபோக்காகக் கூடாரம் அடிக்கும் வழக்கத்தின் வரலாறே வேறு. இங்கிலாந்தில் தோமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர் 1901 இல் சைக்கிளில் சென்று கூடாரமடிப்போருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1908 இல் அதற்கொரு கைநூலும் எழுதினார். வீடும் வேலையும் உள்ளவர்கள், நகரத்துப் புகையிலிருந்து இரண்டு நாள் விலகியிருக்க விரும்பிச் செய்த காரியம் அது. திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, திரும்பும் நாளைத் தீர்மானிப்பதும் அவர்களேதான். எங்கள் முகாமில் இந்த இரண்டும் இருக்கவில்லை. வேறுபாடு துணியிலோ கம்பத்திலோ இல்லை, இதில்தான் இருக்கிறது.

"கிளாம்பிங்" என்பது பகட்டு என்ற பொருள்படும் "கிளாமர்" என்ற சொல்லையும் "காம்பிங்" என்பதையும் ஒட்டிச் செய்த புதுச்சொல். 2016 இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியும் அதைச் சேர்த்துக்கொண்டது. கூடாரந்தான், ஆனால் உள்ளே கட்டில், மெத்தை, வெள்ளை விரிப்பு, விளக்கு எல்லாம் தயாராக இருக்கும். நாங்கள் எதையும் அடிக்கவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம்.

தீவு எங்கே, எப்படி?

ரொட்னெஸ்ட், மேற்கு அவுஸ்திரேலியாவின் பிரீமான்டில் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தில் உள்ளது. நீளம் 11 கிலோமீற்றர், அகலமான இடத்தில் நாலரைக் கிலோமீற்றர். ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் உயர்ந்தபோது பெருநிலத்திலிருந்து பிரிந்தது. 63 கடற்கரைகள் உண்டு என்று கணக்குச் சொல்வார்கள். சுண்ணாம்புப் பாறை, வெள்ளை மணல், உள்ளே உப்பு ஏரிகள். யாழ்ப்பாணத்து மண்ணும் சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்தது என்பதாலோ என்னவோ, எங்கள் ஊர்க்காரர் பலர் அங்கு இறங்கியதும் "நெடுந்தீவு மாதிரி இருக்கு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

பிரீமான்டிலிலிருந்து வேகப்படகில் அரை மணித்தியாலம். வடக்கே ஹிலறிஸ் துறையிலிருந்து முக்கால் மணித்தியாலம். பேர்த் நகரின் பராக் வீதித் துறையிலிருந்து சுவான் ஆற்றின் வழியே வந்தால் ஒன்றரை மணித்தியாலமளவில் ஆகும். தீவில் தனியார் கார்களுக்கு இடமில்லை. சைக்கிளில் போகலாம், நடக்கலாம், அல்லது தீவைச் சுற்றி ஓடும் பேருந்தில் ஏறலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குப் பேருந்தே உகந்தது. வீதி மேடும் பள்ளமுமானது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது இளையவர்களுக்கே சிரமம்.

தங்கும் வகைகள்

தீவில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. இந்தத் தீவு 1917 இலிருந்து "ஏ" வகுப்புப் பாதுகாப்பு நிலம். கூடாரத்துக்கென ஒதுக்கிய மைதானம் ஒன்று உண்டு. அங்கே இடத்துக்கு மட்டும் வாடகை. கூடாரம், படுக்கை, சமையற் சாமான் எல்லாம் எங்களுடையவை. குளியலறை, மலசலகூடம், இறைச்சி வாட்டும் அடுப்பு ஆகியவை எல்லோருக்கும் பொது. விறகு மூட்டித் தீ எரிக்க அனுமதி இல்லை. வெட்டவெளியில் நெருப்பு மூட்டிச் சோறு சமைக்கலாம் என்ற எண்ணத்தோடு போகவேண்டாம்.

இரண்டாவது வகை கிளாம்பிங். பிங்கி கடற்கரையின் மணல்மேட்டுக்குப் பின்னால், 1900 இல் கட்டிய பாதேர்ஸ்ட் வெளிச்சவீட்டுக்கு அருகில், 2019 இல் இதற்கான கூடார விடுதி திறக்கப்பட்டது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் சொந்தக் குளியலறை உண்டு. இரவில் வெளிச்சம் பிடித்துக்கொண்டு பொதுக் குளியலறைக்கு நடக்கத் தேவையில்லை என்பது பெரியவர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல். மூன்றாவதாக, கடலைப் பார்த்த சிறு வீடுகளும் விடுதிகளும் உண்டு. அம்மம்மா சுவருள்ள வீட்டில் படுக்க, பேரப்பிள்ளைகள் கூடாரத்தில் படுக்கலாம். ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம்

விலைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே தொகைகளை விட்டுவிட்டு, கணக்கு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். செலவை மூன்று தலைப்பில் பிரியுங்கள்.

முதலாவது, கடல் கடக்கும் செலவு. இது தலைக்கு இவ்வளவு. தீவின் நுழைவுக் கட்டணமும் பயணச்சீட்டிலேயே சேர்ந்துவிடும். கூடாரத்தில் தங்கினாலும் கிளாம்பிங்கில் தங்கினாலும் இது மாறாது. எத்தனை இரவு தங்கினாலும் பெரிதாக மாறாது. வர்த்தகம் படித்தவர்கள் இதை நிலையான செலவு என்போம். உங்கள் குடும்பத்துக்குப் படகுச் செலவு 100 பங்கு என்று வையுங்கள். ஓர் இரவு தங்கினால் அந்த இரவின் தலையில் 100 பங்கும் விழும். நான்கு இரவு தங்கினால் இரவுக்கு 25 பங்குதான். ஆகவே ஓர் இரவுக்காகக் கடல் கடப்பதுதான் மிகவும் விலை கூடிய தங்கல்.

இரண்டாவது, தங்கும் வாடகை. பொது மைதானத்தில் இது மிகக் குறைவு. கிளாம்பிங்கில் ஒரு நல்ல விடுதி அறையின் விலைக்கு வந்துவிடும். "துணிக்கு இவ்வளவா?" என்று கோபிக்கிறோம். நடத்துபவரின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கும் துணி, செங்கல் வீட்டைப்போல் ஐம்பது ஆண்டு நிற்காது. தேய்மானச் செலவு அதிகம். தீவின் குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்தது. பாணும் பாலும் எரிவாயுவும் படகில்தான் வருகின்றன. கூட்டம் நிறைவது கோடையிலும் விடுமுறைகளிலும் மட்டுமே. மழைமாதங்களின் வெறுமைக்கும் சேர்த்துக் கோடையில்தான் உழைக்கவேண்டும்.

மூன்றாவது, தீவுக்குள் செய்யும் செலவு: சைக்கிள் வாடகை, பேருந்து, சாப்பாடு. குடும்பங்களின் கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். ஐந்து பேருக்கு மூன்று வேளையும் கடையில் வாங்கினால், கூடார வாடகையில் மிச்சம் பிடித்தது கரைந்துபோகும். எங்கள் பெண்கள் கட்டிக்கொண்டுபோகும் புளிச்சாதமும் இடியப்பமும் முதல்நாளைக் காப்பாற்றும். மறுநாளுக்கு அரிசி, பருப்பு, ஒரு சிறிய பெட்டியில் சரக்குத்தூள் போதும்.

இன்னொன்று. படகுச்சீட்டும் தங்குமிடமும் பெரும்பாலும் தனித்தனி ஒப்பந்தங்கள். ஒன்றை இரத்துச் செய்தால் மற்றது தானாக இரத்தாகாது. காசு கட்டும் முன் இரண்டின் இரத்து விதிகளையும் பிள்ளைகளைக் கொண்டாவது வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது?

மார்கழி, தை மாதங்களில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பிற்பகலில் தென்மேற்கிலிருந்து எழும் கடற்காற்றுக்கு இங்குள்ளவர்கள் "பிரீமான்டில் டொக்டர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெக்கையைத் தணிக்கும், ஆனால் சரியாக இழுத்துக் கட்டாத கூடாரத்தையும் கிளப்பிவிடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழையும் குளிரும். எங்கள் குடும்பங்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களே நல்லவை. கடல் இன்னும் சூடாக இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். வெயில் கடுமையானது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கறுப்புத் தோலுக்கும் தேவை.

தீவின் செல்லப்பிள்ளை குவொக்கா. பூனையளவில், கங்காரு இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. ஏறக்குறைய 10,000 இருக்கின்றன. 1696 இல் வந்த ஒல்லாந்து மாலுமி வில்லெம் டி விளாமிங், இவற்றைப் பெரிய எலிகள் என்று எண்ணி "எலிக்கூடு" என்ற பொருளில் வைத்த பெயரே ரொட்னெஸ்ட். இவை மனிதருக்கு அஞ்சா. கூடாரத்துக்குள் நுழைந்து சாப்பாட்டுப் பையைக் கிழிக்கும். தொடுவதும் உணவு கொடுப்பதும் குற்றம், தண்டப்பணம் உண்டு. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புதர்களுக்குள் டுகைட் என்ற நச்சுப்பாம்பும் உண்டு. இரவில் செருப்பும் ரோர்ச் லைற்றும் இன்றி வெளியே இறங்கவேண்டாம்.

அந்த நிலத்தின் கதை

இனி, கட்டாயம் சொல்லவேண்டிய விடயம். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கர் மக்கள் இத்தீவை வாஜெமப் என்று அழைக்கிறார்கள். 1838 இலிருந்து இது ஆதிக்குடி ஆண்களையும் சிறுவர்களையும் அடைத்துவைத்த சிறைத்தீவு. மாநிலத்தின் நாலா பக்கத்திலிருந்தும், பலரைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட 4,000 பேர். 1904 இல் சிறை மூடப்பட்டதாக அறிவித்த பின்னரும் கைதிகளின் உழைப்பு 1931 வரை தொடர்ந்தது. தீவில் இன்றும் நிற்கும் பழைய கட்டடங்கள் பலவும், உப்பு ஏரிக்கரைகளில் அவர்கள் பட்ட பாடும் அந்த உழைப்பின் சாட்சிகள். குறைந்தது 373 பேர் அங்கேயே இறந்து, பெயரோ அடையாளமோ இன்றிப் புதைக்கப்பட்டார்கள்.

பின்னர் வந்த காலத்தில், அந்தப் புதைகுழிகளின் மேலேயே விடுமுறைக் கூடாரங்கள் நின்றன. அவர்களை அடைத்த எண்கோணச் சிறைக் கட்டடம் சுற்றுலா விடுதியின் அறைகளாக இருந்தது. 2018 இல்தான் அது நிறுத்தப்பட்டது. இப்போது புதைகுழி நிலத்தில் யாரும் கூடாரம் அடிப்பதில்லை, அது மதிப்புடன் பேணப்படும் இடம். முதலாம் உலகப்போரின் தொடக்கத்தில், 1914-15 இல், ஜேர்மனியரையும் ஒஸ்திரியரையும் தடுத்துவைத்ததும் இதே தீவில்தான்.

அடையாளமில்லாத புதைகுழி என்றால் என்ன, பெயர் தெரியாமல் போனவர்கள் என்றால் யார் என்பதை வேறு எவரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், அங்கே போகும் தமிழ்க் குடும்பம் அந்த இடத்தை ஒரு முறையாவது சென்று பார்த்து, ஒரு நிமிடம் அமைதியாக நிற்கவேண்டும். புதைகுழி நிலத்தில் விளையாடவோ உணவு விரிக்கவோ கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு அவுஸ்திரேலியாவின் கதையையும் அவர்களுடைய தாத்தாவின் கதையையும் ஒரே மாலையில் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அம்மம்மாவுக்கு என்ன சொல்வது?

வற்புறுத்தவேண்டாம் என்பதே என் முதல் பதில். "அது அந்த முகாம் இல்லை அம்மா" என்று வாதாடி அவருடைய நினைவை வெல்ல முடியாது. இரண்டாவது பதில், தெரிவை அவர் கையில் கொடுங்கள். காலையில் போய் மாலைப் படகில் திரும்பும் ஒருநாள் பயணமாக முதலில் போய்வாருங்கள். கூடாரங்களை அவர் பகலில் பார்க்கட்டும். வேலி இல்லை, காவலர் இல்லை, பெயர் கூப்பிடும் வரிசை இல்லை, விரும்பிய படகில் ஏறித் திரும்பலாம் என்பதைக் கண்ணால் காணட்டும். அடுத்த முறை தங்குவதா, கூடாரமா சுவர் வீடா என்பதை அவரே சொல்லட்டும். எங்கள் குடும்பங்கள் மூன்று சேர்ந்து போனபோது ஒரு மாமி கடைசிவரை கூடாரத்துக்குள் படுக்கவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்து, பிள்ளைகளுக்கு இரவு நெடுநேரம் வரை ஊர்க்கதை சொன்னா. அதுவும் நல்ல விடுமுறைதான்.

பாடசாலை "காம்ப்" படிவம் வீட்டுக்கு வரும்போதும் இதே முறைதான். பெற்றோரின் பயத்தைக் கேட்காமலே பிள்ளையை அனுப்புவதும் சரியில்லை, அந்தப் பயத்தின் காரணத்தைச் சொல்லாமலே பிள்ளையை மறிப்பதும் சரியில்லை. எதற்காகத் தயங்குகிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அது தாங்கும்.

போய்வந்த அனுபவங்களை நேரலை நேரத்தில் எங்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த மாதம் இன்னொரு பயனுள்ள விடயத்துடன் சந்திப்போம்.