ஏறின கியரிலேயே இறங்குங்கள்!
மலைப்பாதையில் டீசலும் மிச்சம், உயிரும் பத்திரம்

கேத்தி பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே கேரட் அறுவடை தொடங்கிவிடும். கழுவி, மூட்டை பிடித்து, பிக்கப் வண்டியில் ஏற்றி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார்கள். கோத்தகிரி, குந்தா பக்கங்களில் பச்சைத் தேயிலை மூட்டைகள் அன்றன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். திரும்பும் வண்டிகளில் உரமும் மாட்டுத் தீவனமும் மலையேறும். ஆக, நீலகிரி விவசாயத்தில் வண்டி ஓடாத நாள் இல்லை.

விதை, உரம், ஆள்கூலி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதும் விவசாயிகள்கூட, டீசலை மட்டும் 'வண்டிச் செலவு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. மற்றொரு பகுதி டிரைவரின் கையிலும் காலிலும் இருக்கிறது.

மலை கேட்கும் கூலி

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். இடையில் உள்ள 1,900 மீட்டர் உயரத்துக்கு ஒரு டன் எடையைத் தூக்கிச் செல்ல, இன்ஜின் எரிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியான வேலையாக மாறும் என்று வைத்துக்கொண்டால், சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் தேவை. இது உயரத்துக்கு மட்டும் ஆகும் கூலி. தூரத்துக்கும் டயர் உருள்வதற்கும் ஆவது தனி.

காலி பிக்கப் வண்டியின் எடை 1.7 டன் என்று கொள்வோம். அது வெறுமனே மேலே ஏறினாலே இரண்டரை லிட்டர் போய்விடும். அதே வண்டியில் ஒரு டன் தீவனமோ தொழுவுரமோ ஏற்றினால், கூடுதலாக ஆவது ஒன்றரை லிட்டர்தான். அதனால் மண்டியிலிருந்து காலியாகத் திரும்பாமல், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத் தேவையானதைச் சேர்த்து ஏற்றி வருவதே முதல் சிக்கனம். பச்சைத் தேயிலையிலும் இதே கதைதான். அரை லோடாக இரண்டு நடை போவதைவிட, நான்கு சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரே நடையாக அனுப்பினால் கிலோவுக்கு ஆகும் செலவு இறங்கும்.

அதற்காக அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏறும்போது 100 கிலோ கூடுதல் எடைக்கு 150 மில்லி டீசல்தான் அதிகம். ஆனால், இறங்கும்போது அந்த 100 கிலோவையும் பிரேக்தான் தாங்க வேண்டும்.

ஏற்றத்தில் இன்ஜின் சொல்வதைக் கேளுங்கள்

'டாப் கியரில் போனால் மைலேஜ் கிடைக்கும்' என்பது சமவெளிக்குப் பொருந்தும். ஏற்றத்தில் பெரிய கியரில் இழுத்தால் இன்ஜின் திணறும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி வேகமெடுக்காது, கரும்புகைதான் வரும். அந்தப் புகை பாதி எரிந்த டீசல். மறுபுறம், முதல் கியரிலேயே இன்ஜினை அலறவிட்டு ஏறுவதும் வீண்தான்.

பெரும்பாலான டீசல் இன்ஜின்களுக்கு இழுவிசை அதிகமாகக் கிடைப்பது நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுக்குள். இன்ஜின் திணறாமலும் அலறாமலும் சீராக ஒலிக்கும் கியரே சரியான கியர். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் தேடினால் வண்டி நின்றுபோகும். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்து, ஒரே சீராக வளைந்து ஏற வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை அரை கிளட்சில் பிடித்துவைத்தால் டீசலும் போகும், கிளட்ச் தட்டும் தேயும். அதற்கு ஹேண்ட் பிரேக் இருக்கிறது.

குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது சாலை விதி. நின்ற லோடு வண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

உதகை உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜின்களுக்கு அந்த அளவுக்கு இழுவையும் குறையும். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தோட்டச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

நியூட்ரல் என்னும் மாயை

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை மலையில் இன்னும் இருக்கிறது. சில இடங்களில் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். கணக்கு இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். இன்றைய டீசல் வண்டிகளில் அப்போது டீசல் பாய்வது முற்றிலும் நின்றுவிடும். பழைய பம்ப் இன்ஜின்களிலும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். நியூட்ரலுக்கு மாற்றினால், இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தாக வேண்டும். மணிக்கு அரை லிட்டர் என்றால், இரண்டு மணி நேர இறக்கத்தில் ஒரு லிட்டர். மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் உண்மையில் கூடுதலாகச் செலவு செய்கிறார். லேசான சரிவில் நியூட்ரல் வண்டி சற்றுத் தூரம் கூடுதலாக உருளும் என்பது உண்மை. ஆனால், மலை இறக்கத்தில் வண்டி உருள்வது பிரச்னையே அல்ல. அதை நிறுத்துவதுதான் பிரச்னை.

3 டன் எடையுள்ள வண்டி உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல், 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். டயரும் எதிர்க்காற்றும் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி ஆற்றல் 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் சுமக்கும். நியூட்ரலில் அத்தனையும் பிரேக்கின் தலையில்தான் விழும். பிரேக் சூடேறிக் காய்ந்த வாடை வரும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி பொதுக்கென்று உள்ளே போய்விடும். இன்ஜினை அணைத்திருந்தால் பவர் ஸ்டியரிங்கும் இருக்காது, பிரேக்கின் பூஸ்டரும் சில மிதியிலேயே ஓய்ந்துவிடும். குன்னூர் - மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. அங்கே இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

எனவே, எந்தக் கியரில் ஏறினீர்களோ, அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், தேவையான இடத்தில் அழுத்தி, பிறகு விடுங்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். கிளம்பும்போது கல்லை மறக்காமல் எடுத்துப் போடுங்கள். பின்னால் வருபவருக்கு அதுவே எமன்.

எந்த மோடு, எப்போது?

சில சரக்கு வண்டிகளில் ஈகோ பொத்தான் உண்டு. இன்ஜினின் சக்தியை அளந்து கொடுத்து டீசலை மிச்சம் பிடிப்பது அதன் வேலை. காலி வண்டிக்கும் சமதளத்துக்கும் அது சரி. முழு லோடோடு ஏறும்போது அதை அணைத்துவிடுவது நல்லது.

தானாகக் கியர் மாற்றும் கார்களை 'டி'யில் விட்டால், வளைவுக்கு வளைவு இரண்டுக்கும் மூன்றுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் மேனுவல் மோடுக்கு மாற்றி, இரண்டிலோ மூன்றிலோ நிறுத்தி ஓட்டுங்கள். இறக்கத்துக்கு இது மிக முக்கியம்.

எஸ்டேட் ஜீப்புகளில் நான்கு சக்கர இழுவையை மழைக்காலச் சேற்றுக்கும் செங்குத்தான தோட்டப் பாதைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். தார்ச்சாலையில் அதைப் போட்டே ஓட்டினால் டீசலும் கூடும், டயரும் பற்சக்கரங்களும் தேயும். செங்குத்தான சேற்றுப் பாதையில் 'லோ'வில் மெதுவாக இறங்குவது, பிரேக் பிடித்துச் சறுக்குவதைவிடப் பாதுகாப்பானது.

நோட்டில் எழுதுங்கள்

தொழிற்சாலை வாசலில் இலை எடை போடக் காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்தாலே பலன் தெரியும். தினமும் அரை மணி நேரம் என்றால், 25 நாளில் 6 லிட்டருக்கு மேல் மிஞ்சும்.

இதையெல்லாம் யாரும் சொல்லி நம்ப வேண்டியதில்லை. ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வாருங்கள். ஒரு மாதம் பழைய முறை, அடுத்த மாதம் இந்த முறை. லோடும் பாதையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். நியூட்ரல் இறக்கத்தை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம். அதன் விலை நோட்டில் எழுதக்கூடியது அல்ல.