இறுகிப்போன ஸ்பார்க் பிளக்: பலம் வேண்டாம், பக்குவம் போதும்!

"காருக்கும் கரண்டிக்கும் என்ன சம்பந்தம்? வத்தக்குழம்பும் வேப்பம்பூ ரசமும் வருகிற பக்கத்தில் ஸ்பார்க் பிளக் எதற்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே. பிள்ளைகளைப் பள்ளியில் விட, மாமியாரை மதுரைக்கு டாக்டரிடம் அழைத்துப் போக, விருதுநகர் சந்தையிலிருந்து பருப்பு மூட்டையை ஏற்றி வர என்று இன்று பல வீடுகளில் காரை ஓட்டுவதே நாம்தான். ஆனால் பானெட்டைத் திறந்ததும் இரண்டடி தள்ளி நின்று கொள்கிறோம். மெக்கானிக், "ஹெட்டு போயிருச்சும்மா" என்றால், என்ன போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்கத் தெரியாமல் பர்ஸைத் திறக்கிறோம்.

ஹெட் போவதற்கு ஒரு முக்கியமான காரணம், இறுகிப்போன பிளக்கை முரட்டுத்தனமாகக் கழற்றுவது. இது நம் கண் முன்னாலேயே நடக்கிறது. கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் நாமே தடுத்துவிடலாம்.

பிளக் என்ன செய்கிறது?

பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொதுவாக ஒரு பிளக். வெள்ளைப் பீங்கான் உடம்பு, கீழே இரும்புக் கூடு, அந்தக் கூட்டைச் சுற்றி மரை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்கு நெருப்புப் பொறி கொடுப்பது இதன் வேலை. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு பிளக் 1500 தடவை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறிக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். அடுப்பு பற்ற வைக்க ஒரு தீக்குச்சி போதும் நமக்கு. என்ஜினுக்கோ நிமிடத்துக்கு ஆயிரம் குச்சி!

உயர் அழுத்த மின்சாரத்தால் பொறி விடும் பிளக்கை 1902-ல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனியில் வேலை செய்த காட்லோப் ஹோனால்ட் என்பவர் உருவாக்கினார். நம் நாட்டில் அம்பாசிடர், பியட் வைத்திருந்தவர்களுக்கு 'மைக்கோ' பிளக் நன்றாகத் தெரியும். 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் 2008 முதல் பாஷ் என்ற பெயரில் நடக்கிறது.

ஏன் இறுகிக்கொள்கிறது?

இதற்கு விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. பழைய அலுமினிய குக்கரின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? குக்கர் அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. இரண்டும் சேருமிடத்தில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, வெள்ளையாக மாவு போல ஒன்று பூத்திருக்கும். ஸ்க்ரூ அசையவே அசையாது. இரண்டு வகை உலோகம் ஈரத்தோடு உறவாடினால் அலுமினியம் அரிக்கும். அந்த மாவு மரைக்குள் அடைத்துக்கொள்ளும்.

காரிலும் அதே கதைதான். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800 இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மூன்று சிலிண்டர், மூன்று பிளக். என்ஜினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம், பிளக்கின் கூடு இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தினமும் சூடேறி, தினமும் ஆறி, வருஷக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கினால் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பிளக்கின் அடிமரையில் கரி வேறு படிந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு காரணம், போடும்போதே 'இன்னும் ஒரு திருகு' என்று அளவுக்கு மேல் முறுக்கிவிடுவது. இன்றைக்கு இறுகியிருக்கும் பிளக், பல நேரம் அதைப் போட்ட அன்றைக்கே இறுகிவிட்டது!

இப்போது வரும் கார்களில் இரிடியம், பிளாட்டினம் பிளக்குகள் லட்சம் கிலோமீட்டர் வரைகூட உழைக்கின்றன. நல்லதுதான். ஆனால் அத்தனை வருஷமும் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், கழற்றும் அன்று அதிகமாக அடம் பிடிப்பதும் அவைதான்.

எங்கள் தெருவில் நடந்தது

பக்கத்து வீட்டு மதினியிடம் ஒரு பழைய மாருதி 800 உண்டு. "மதினி, காலையில ஸ்டார்ட் பண்ணினா இருமுது, மேட்டுல ஏற மாட்டேங்குது, பெட்ரோலையும் குடிக்குது" என்றார். பிளக்கை மாற்ற வேண்டியிருக்கும் என்று இருவருமாக ஒரு பட்டறைக்குப் போனோம். முதல் இரண்டு பிளக் சமர்த்தாக வந்துவிட்டன. மூன்றாவது அசையவில்லை. அங்கே வேலை பழகும் தம்பி ஒரு நீள இரும்புப் பைப்பை ஸ்பானர் பிடியில் மாட்டி, காலை ஊன்றித் தொங்கப் போனான்.

உள்ளேயிருந்து ஓடி வந்தார் பெரிய மெக்கானிக் அண்ணாச்சி. "ஏலே, பைப்பை எடு! அது இரும்பு, இது அலுமினியம். இரும்பு கோவப்பட்டா அலுமினியம்தான்டா அழும்!"

எண்ணெய் விட்டு மூடி வைத்துவிட்டு, "தாயி, போயிட்டு நாளைக்கு வாங்க. இன்னைக்கு அவசரப்பட்டா ஆயிரக்கணக்குல செலவு வைக்கும்" என்றார். மறுநாள் பத்தே நிமிஷத்தில் பிளக் கையோடு வந்தது. அவர் சொல்லித் தந்ததையும், கம்பெனிக்காரர்கள் சொல்லும் முறையையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கழற்றும் முறை

1. என்ஜின் நன்றாக ஆறட்டும். ராத்திரி முழுக்க நின்ற கார் ரொம்ப உத்தமம். சூட்டில் அலுமினிய மரை சீக்கிரம் சிதையும். கையும் சுடும்.

2. சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் ஒயரை, ஒயரைப் பிடித்து இழுக்காமல், தலையில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி எடுங்கள். எந்த ஒயர் எந்த பிளக்குக்கு என்று துண்டுத் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

3. பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியை ஊதியோ பிரஷால் தட்டியோ சுத்தம் செய்யுங்கள். நம் கரிசல் காட்டுப் புழுதி கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரைக் கீறிவிடும்.

4. பிளக்குக்கென்றே உள்ள பாக்ஸ் ஸ்பானரை நேராக மாட்டுங்கள். சாய்ந்தால் பீங்கான் உடையும்.

5. இடப்பக்கமாக, நிதானமாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். அசையவே இல்லையா? மல்லுக்கு நிற்காதீர்கள். துருவை இளக்கும் எண்ணெய் கடையில் கிடைக்கும். பிளக்கின் அடியைச் சுற்றிச் சில சொட்டு விட்டு ஊற வையுங்கள். குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு ராத்திரி. தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது கெட்டி, இடுக்கில் இறங்காது.

6. பிறகு கொஞ்சம் இளக்குங்கள், திரும்பக் கொஞ்சம் முடுக்குங்கள். மறுபடி ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி முன்னும் பின்னும். மாவு பிசைகிற மாதிரிப் பொறுமை வேண்டும். இப்படிச் செய்யும்போது கரித்தூள் நசுங்கி வழிவிடும்.

7. 'கிறீச்' என்று சத்தம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. உடனே நிறுத்திப் பின்னால் திருப்பி, எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் வீட்டில் முயல வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஹெட்டை வெதுவெதுப்பாக்கி எடுப்பார்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும் என்று சொன்னேன் அல்லவா? அந்த விரிவைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து நாம் எடுப்பதும் இதே சூத்திரம்தான். ஆனால் பாதி கழன்ற பிளக்கோடு என்ஜினை ஓட்டவே கூடாது. பிளக் வெளியே தெறித்துவிடும்.

கழன்ற பிளக்கின் மரையைப் பாருங்கள். வெள்ளியாக மின்னும் சுருள் ஒட்டியிருந்தால் ஹெட்டின் மரை பிய்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்கி, உள்ளே புது எஃகு மரைச் சுருள் பொருத்தும் வேலை உண்டு. பல சமயம் ஹெட்டையே மாற்றத் தேவையிருக்காது. "ஹெட் மாற்றணும்" என்று சொன்னால், "மரைச் சுருள் போட்டால் போதாதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதிலிருக்கும் குளோ பிளக் மெல்லியது, சட்டென்று முறியும். அதில் கையே வைக்காதீர்கள்.

அமெரிக்காவையே ஆட்டிய பிளக்

நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை இது. அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் எப்-150 வண்டிகளில், 2004 முதல் 2008 வரை வந்த 5.4 லிட்டர் என்ஜின் ஒன்று இதற்குப் பேர்போனது. அதன் பிளக்கின் கீழ்ப்பாகம் நீளமான இரண்டு துண்டாக இருந்தது. கரி அடைத்துக்கொண்டதால், கழற்றும்போது மேல்பாதி கையோடு வரும், கீழ்ப்பாதி ஹெட்டிலேயே தங்கிவிடும். கடைசியில் கம்பெனியே மெக்கானிக்குகளுக்குக் கழற்றும் முறையை எழுதி அனுப்பியது. என்ன முறை தெரியுமா? என்ஜின் ஆறட்டும், கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே, கரி கரைக்கும் திரவம் விட்டு ஊற வை, முன்னும் பின்னும் மெல்லத் திருப்பு. எங்கள் அண்ணாச்சி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்!

நம் சீமைக்கென்று ஒரு எச்சரிக்கை

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மருந்து இருக்கும் அறையில் பொறி விடும் இரும்புக் கருவிக்கு இடமில்லை. எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, தொப்பென்று போடக் கூடாது. பிளக் கழற்றும்போதும் அந்தப் புத்தி நமக்கு வேண்டும்.

தீபாவளி நெருங்கினால் டிக்கியில் பட்டாசுப் பெட்டி இருக்கும். வாசலில் பட்டாசுக் கட்டுகள் கிடக்கும். அவை இருக்கிற இடத்தில் காரில் கை வைக்கவே வேண்டாம். வண்டியை அங்கிருந்து தூரமாக நிறுத்துங்கள். முக்கியமாக, கழற்றிய பிளக்கை ஒயரில் மாட்டி, என்ஜினில் தொட வைத்து, 'ஸ்பார்க் வருதா' என்று பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பிளக் துவாரம் வழியே பெட்ரோல் ஆவி வெளியே வரும்போது பக்கத்திலேயே பொறி விட்டால் என்ன ஆகும்? வீட்டு வாசலில் அதை அனுமதிக்காதீர்கள். எண்ணெய் டப்பாவும் தீப்பிடிக்கும் சரக்குதான். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. தீ காட்டிச் சூடாக்குகிறேன் என்று யாராவது சொன்னால், "வேண்டாம் அண்ணாச்சி" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

திரும்பப் போடும்போது

அடுத்த தடவை சுலபமாகக் கழற்றுவதற்கு வழி இங்கேதான் இருக்கிறது. புது பிளக்கை முதலில் விரலாலேயே திருகுங்கள். ஊறுகாய் ஜாடி மூடி கோணலாக உட்கார்ந்தால் கைக்கே தெரியுமே, அதுபோல மரை கோணினாலும் தெரியும். விரலுக்கு இடக்கினால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். விரலால் முழுதும் போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர். வாஷர் உள்ள புது பிளக்குக்கு அதன் பிறகு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் போதும். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் அதைவிட மிகக் குறைவு, லேசாக ஒரு முடுக்கு. எண்ணெய் விட்டுக் கழற்றியிருந்தால் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை வரும், அது போய்விடும்.

சாதாரண பிளக் என்றால் 20,000 கிலோமீட்டரை ஒட்டி மாற்றுவது வழக்கம். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனால் இரண்டடி தள்ளி நிற்காதீர்கள். கிட்டே போய் நில்லுங்கள். "என்ஜின் ஆறிடுச்சா? எண்ணெய் விட்டீங்களா? கையாலதானே முதல்ல திருகுறீங்க?" என்று மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக்காக இருந்தால் சந்தோஷப்படுவார். மற்றவர்கள் ஜாக்கிரதையாக வேலை செய்வார்கள். இரண்டுமே நமக்கு லாபம்தானே!