தேயிலைத் தோட்டத்தில் இரசாயனப் பாடம்

அகத்தியமலைச் சாரலிலுள்ள போனக்காட்டின் தேயிலைத் தொழிற்சாலை இன்று இயக்கமற்றுப் பாழ்பட்டு நிற்பினும், பொது இரசாயனப் பாடநூலைக் கையிலேந்திய மாணவனுக்கு, அங்கே முன்பு நிகழ்ந்த வேலையைக் காட்டிலும் தெளிவான விளக்கம் வேறில்லை. பறித்த கொழுந்தை வாடவைத்து உருட்டி நசுக்குங்கால், இலையின் உயிரணுக்கள் உடைந்து, அதுவரை பிரிந்திருந்த கேட்டெச்சின்களும் தாமிரம் பொருந்திய நொதியும் ஒன்றுகூடி, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, பசுமை மெல்லச் செம்பழுப்பாகிறது. பின்னர் உலர்த்தும் அடுப்பின் உஷ்ணம் அந்நொதியை அழித்து மாற்றத்தை நிறுத்துகிறது. ஆக்சிஜனேற்றம், வினையூக்கி, வினைவேகம் என நூலின் வெவ்வேறு அத்தியாயங்களில் கிடப்பவை யாவும் ஒரு பிடி இலையில் ஒருங்கே நடக்கின்றன.

இவ்வாறு சிதறிய விஷயங்களைத் தொடர்புபடுத்திக் காட்டுவதே பொது நூலின் பெரும் பிரயோஜனம். பரீட்சைக்கெனத் தொகுத்த வினாவிடைச் சுருக்கங்களால் அது ஒருநாளும் ஆகாது.

அத்தகைய நூல் தாய்மொழியிலேயே வேண்டுமென்று கருதி, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் போதித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1875-ஆம் ஆண்டிலேயே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவரச் செய்தார் என்பது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஆயினும் எந்த நூலும் வாசிப்பதனால் மட்டும் வசப்படாது. அத்தியாய இறுதிக் கணக்குகளை விடையைப் பாராமல், பென்சிலும் தாளுமாக அமர்ந்து, மாணவன் தானே போட்டுப் பார்க்கவேண்டும்.