எதோடு சேர்த்துப் பூட்டுகிறீர்கள்?

புது சைக்கிளுக்குப் பில் போட்டு முடித்த பிறகு கடைக்காரர் கடைசியாகக் கேட்பது, "பூட்டு வேணுமா?" என்பதுதான். பதினைந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்த கை அந்த இடத்தில் சட்டென்று சுருங்கிவிடும். தொங்கும் பூட்டுகளில் விலை குறைந்த நம்பர் லாக் ஒன்றைக் காட்டி, "அதையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சைக்கிள் காணாமல் போன பிறகு பேசுவதைவிட, இந்த டீ ஆறுவதற்குள் இப்போதே பேசிவிடலாம்.

எந்தப் பூட்டையும் உடைக்கலாம். உடைக்க எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் கருவி வேண்டும், எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதில்தான் பூட்டுக்குப் பூட்டு வித்தியாசம். ஆனால் நம் ஊரில் சைக்கிள் தொலைவதற்குப் பூட்டின் தரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். நாம் சைக்கிளைச் சைக்கிளோடுதான் பூட்டுகிறோம்.

பழைய கறுப்பு சைக்கிளின் பின் சக்கரத்துக்கு மேலே ஃபிரேமோடு முடுக்கியிருக்கும் வளையப் பூட்டைப் பாருங்கள். சாவியைத் திருப்பித் தள்ளினால் ஒரு கம்பி போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே புகுந்து சக்கரத்தை நிறுத்திவிடும். வண்டி உருளாது, அவ்வளவுதான். அந்தக் காலத்துக்கு அது போதும். இருபது கிலோ சொச்சம் எடையுள்ள வண்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் யாராவது கேட்பார்கள். இன்றைய அலுமினிய கியர் சைக்கிளின் எடை பதின்மூன்று, பதினான்கு கிலோதான். ஒரு கையில் தூக்கிக் குட்டி யானை வண்டியில் போட்டுவிட்டால் எந்தச் சக்கரமும் உருளத் தேவையில்லை. நம்பர் லாக்கை முன் சக்கரத்தில் சுற்றி ஃபிரேமோடு மாட்டி வைப்பதும் இதே கதைதான்.

ஆகவே தரையோடு பிணைந்திருக்கும் ஒன்றோடு பூட்ட வேண்டும். அதற்கு வளைந்து கொடுக்கிற பூட்டோ, அகலமான பூட்டோ வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

கேபிள் லாக் பார்வைக்குத் தடிமனாக இருக்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே மெல்லிய கம்பிகளின் முறுக்குதான். கம்பி வெட்டும் நல்ல கத்தரி அதைச் சில நொடிகளில் வெட்டிவிடும். மெல்லிய கேபிளானால் எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கும் கட்டிங் பிளேயரே போதும். அதிலும் மலிவான நம்பர் லாக் என்றால் வெட்டவும் வேண்டாம். கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண் சக்கரங்களை ஒவ்வொன்றாக மெல்லத் திருப்பினால், சரியான எண்ணில் விரலுக்கு ஒரு தளர்வு தட்டுப்படும். கடைக்குள் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வரும் நேரத்துக்குக் கேபிள் சரி, ராத்திரிக்குச் சரிப்படாது.

சங்கிலி நல்லது, ஆனால் எல்லாச் சங்கிலியும் அல்ல. இரும்புக்கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சங்கிலி சாதா இரும்பு. சோதித்துப் பார்க்க ஒரு சிறிய அரம் போதும். ஒரு கண்ணியில் மேல்பூச்சு உரியும் வரை தேய்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி இழுங்கள். அரம் பற்றிக்கொண்டு பளிச்சென்று பள்ளம் விழுந்தால் போல்ட் கட்டர் அதைக் கடித்துவிடும். கண்ணாடிமேல் போவதுபோல அரம் வழுக்கினால் அது கடினமாக்கிய எஃகு. அந்த எஃகும் பத்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பெரிய போல்ட் கட்டருக்குத் தாங்குவது சந்தேகம். சங்கிலிக்குப் போடும் பூட்டையும் பாருங்கள். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மேலே இருக்கும் வளைகம்பி ஒல்லியாக இருந்தால் வெட்டுபவன் சாவித் துவாரத்தின் பக்கமே போகமாட்டான்.

மூன்றாவது யூ லாக். பார்க்க முரடாக இருக்கும், எடையும் உண்டு. நான் சிபாரிசு செய்வது இதைத்தான். 1972ல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் யூ லாக்கைச் சோதிப்பதற்காக, நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு சைக்கிளைத் தெருக் கம்பத்தோடு பூட்டி ஒரு மாதம் விட்டு வைத்தார்கள். பூட்டு உடையவில்லை. பூட்டுக்குள் சிக்காத பாகங்களையெல்லாம் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டின் பலமும், பூட்டும் விதத்தின் முக்கியத்துவமும் அந்த ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. 2004ல் அதே நிறுவனத்துக்கு ஒரு சோதனை வந்தது. வட்டக் குழாய் வடிவச் சாவி போடும் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடலைச் செருகித் திருப்பியே திறக்க முடியும் என்று தெரியவந்து, நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுத்தது. மலிவான பூட்டுகளில் அந்த வட்டச் சாவி இன்னும் வருகிறது. கண்டால் கீழே வைத்துவிடுங்கள். பெட்டியில் சோல்ட் செக்யூர் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் முத்திரை இருந்தால், அந்த மாதிரியை ஆள் வைத்து உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இனிப் பூட்டும் விதம். யூ லாக்குக்குள் மூன்று அடங்க வேண்டும்: பின் சக்கரத்தின் ரிம், ஃபிரேமின் ஒரு குழாய், அசையாத கம்பி. பூட்டு சின்னதாக இருந்து மூன்றும் அடங்காவிட்டால், ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க மெக்கானிக் எழுதி வைத்த வழி இருக்கிறது. ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் இருக்கும் ரிம் பகுதியைக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினாலே போதும் என்பார் அவர். முக்கோணத்தைவிட்டுச் சக்கரம் வெளியே வராது. ரிம்மை அறுக்கலாமே என்றால், போக்ஸ் கம்பிகளின் இழுப்பில் ரிம் எப்போதும் நெருக்குண்டு இருக்கிறது. ரம்பம் இறங்க இறங்க வெட்டுவாய் மூடி அதைக் கவ்விக்கொள்ளும். முன் சக்கரம் கருவியில்லாமல் கையாலேயே கழற்றும் குயிக் ரிலீஸ் என்றால் பழைய கேபிளை அதற்குச் சுற்றிவிடுங்கள்.

யூவுக்குள் காலி இடம் மிஞ்சினால் நெம்புகோல் நுழையும், அதனால் நெருக்கமாகப் பூட்டுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி மொத்த உடம்பு பாரத்தையும் அதன்மேல் போடலாம். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் இறங்காது.

எதோடு பூட்டுவது என்பதில்தான் நம் ஊர் நம்மைக் கைவிடுகிறது. நோ பார்க்கிங் போர்டு வைத்த குட்டைக் கம்பமானால் சைக்கிளைப் பூட்டோடு மேலே தூக்கி உருவிவிடலாம். மின்கம்பம் ஆபத்து, வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த ஒரே மாதிரி சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். கட்டிப்போட ஒரு குழாய்கூட இருக்காது. அதில் ஒன்று போனால் ஒரு பெண்ணின் பள்ளிப் பயணமே நின்றுபோகலாம். தலைகீழ் யூவாக வளைத்த இரும்புக் குழாயின் இரண்டு காலையும் கான்கிரீட்டில் புதைப்பது ஒரு வெல்டரும் ஒரு கொத்தனாரும் ஒரே நாளில் முடிக்கிற வேலை. பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். ஃபிளாட் அசோசியேஷனிலும் கேளுங்கள். வாட்ச்மேன் இருக்கிறார் என்ற தைரியத்தில் கார் பார்க்கிங் மூலையில் சும்மா நிற்கும் சைக்கிள்கள் எத்தனை என்று ஒருநாள் பாருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு இருக்கும் இடத்துக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் தேடுங்கள். பில்லையும் அதோடு வையுங்கள். காணாமல் போனால் "நீல கலர் சைக்கிள் சார்" என்று சொல்வதைவிட அந்த எண் காவல் நிலையத்தில் அதிகம் பயன்படும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். சீட் போஸ்டைக் கழற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அந்தக் குழாய்க்குள் போட்டுவிடுங்கள். பெயின்டை மாற்றியடித்தாலும் அது உள்ளேயே இருக்கும்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பூட்டோடு வரும் இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோக்காமல், ஒன்றை வீட்டில் வையுங்கள்.