நோற்றல்

திருக்குறளிலே பொறையுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளைக் கற்கும் மாணவர் பலர் ஓரிடத்தில் இடர்ப்படுவர். அக்குறளில் 'நோற்பார்' என்னும் சொல் இருமுறை வருகின்றது. ஓரிடத்தில் அது உணவொழித்து நோற்பாரைச் சுட்டும். மற்றோரிடத்தில் பிறர் கூறும் கடுஞ்சொல்லை நோற்பாரைச் சுட்டும். நோற்றலாவது பட்டினி கிடத்தல் என்று கருதியிருக்கும் மாணவனுக்கு முன்னது எளிதில் விளங்கும். கடுஞ்சொல்லைப் பட்டினி கிடப்பது எங்ஙனம்? அவன் மயங்குதல் இயல்பே. குறை குறளில் இல்லை. சொல்லுக்கு அவன் கொண்ட பொருளிலே உள்ளது.

பரிமேலழகர் இரண்டிடத்தும் 'பொறுப்பார்' என்றே உரை கண்டார். உண்ணாமையால் வரும் நோயைப் பொறுத்தல் ஒன்று. பிறர் சொல்லால் வரும் நோயைப் பொறுத்தல் மற்றொன்று. எனவே பொறுத்தலே நோற்றல் என்பதும், உண்ணாமை அதற்கு வாய்த்த ஒரு களம் மாத்திரமே என்பதும் பெறப்படும். இங்ஙனம் கொண்ட பின்னரே, இரு திறத்தாரையும் ஒரே தராசில் இட்டு, சொல்லைப் பொறுப்பாரே முதன்மையுடையர் எனத் தீர்ப்பளித்த வள்ளுவர் கருத்து வெளிப்படும். இருவரும் செய்யும் வினை ஒன்றாயிராவிடின் ஒப்பிடுதற்கே இடமில்லை.

இவ்வினையின் பகுதி 'நோல்' என்பது. கல் என்னும் பகுதி கற்றான், கற்பான் என வருதல்போல இதுவும் நோற்றான், நோற்பான் என வரும். எதிர்மறையில் லகரம் திரியாது நின்று நோலாதவர் என்றாகும். தவம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோற்பார், நோலாதவர் என்னும் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் காணலாம். இதனோடு உடன்பிறந்தது 'நோன்' என்னும் வடிவம். நோன்றல், நோன்பு, நோன்மை ஆகியன அதன்வழி வந்தன. அவற்றுள் நோன்மை என்பது பொறுமையையும் வலிமையையும் ஒருங்கே உணர்த்துவது. திருமுருகாற்றுப்படையிலே முருகப்பெருமானின் திருவடி 'நோன்றாள்' எனப்படுகின்றது. உண்ணாமைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தன்னை அடைந்தாரைத் தாங்கும் வலிய தாள் என்பதே பொருள். பாரத்தைத் தாங்குவதும் துன்பத்தைத் தாங்குவதும் பண்டைத் தமிழர்க்கு ஒரு சொல்லுள் அடங்கின.

நோதல் என்னும் வினையோடு இதனை மயக்குவாரும் உளர். நோ என்பது நொந்தான் என்றும் நோவான் என்றும் வரும். நோதல் துன்புறுதல், நோற்றல் அத்துன்பத்துக்கு ஆற்றாது தளராமல் நிற்றல். தவ அதிகாரத்தின் முதற் குறள் நோய், நோன்றல் என்னும் இரண்டனையும் அருகருகே வைத்து, தனக்கு உற்றதைத் தாங்குதலும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்று வரையறுக்கின்றது. அவ்வரையறையில் உணவைப்பற்றிய பேச்சே இல்லை என்பது நோக்கற்பாலது. இல்வாழ்க்கை அதிகாரமோ இன்னும் ஒருபடி மேற்சென்று, பிறரையும் நெறியில் நிறுத்தித் தானும் அறம் வழுவாத இல்லறத்தானின் வாழ்க்கை, நோற்பாரது நிலையினும் மிக்க நோன்மை உடையது என்கின்றது.

ஆண்டாள் அருளிய திருப்பாவையில் ஆயர்மகளிர் நோற்கும் பாவைநோன்பு இதற்கு நல்ல சான்று. இரண்டாம் பாசுரத்திலே அவர்கள் தாம் மேற்கொள்வனவற்றை எண்ணுகின்றனர். நெய்யும் பாலும் விலக்குதல் அவற்றுள் உண்டு. ஆயின் அவையோடு முடியவில்லை: மையும் மலரும் நீங்குகின்றன, வைகறையில் நீராடல் நிகழ்கின்றது, புறங்கூறுதல் ஒழிகின்றது, இரப்பார்க்கு ஈதல் சேர்கின்றது. வள்ளுவர் பிறர் நாவினால் வருவதைப் பொறுக்கச் சொன்னார். இம்மகளிர் தம் நாவையே கட்டுகின்றனர். சிலப்பதிகாரத்திலே தேவந்தி, முற்பிறப்பில் கணவன்பொருட்டு மேற்கொள்ளவேண்டிய நோன்பைக் கண்ணகி பொய்த்தாள் என்கின்றாள். நோன்பு ஒருவர் தமக்குத் தாமே கொடுத்த சொல்லாகக் கருதப்பட்டமையாலேயே அது பொய்க்கவும் கூடியதாயிற்று.

நோற்றதன் பயன் மறுபிறப்பிலும் தொடரும் என்னும் நம்பிக்கையால் இவ்வினைக்கு 'பேறு பெறுதல்' என்னும் பொருளும் கிளைத்தது. மக்கட்பேற்று அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நன்மகனைக் கண்ட உலகம் அவன் தந்தை எத்தவம் நோற்றானோ என்று வியக்கின்றது. தெலுங்கிலே 'நோமு' என்பது மகளிர் மேற்கொள்ளும் விரதம். அதன் வினையும் இன்றுவரை பேறு பெறுதலையும் குறிக்கின்றது. தமிழ்ப் பேச்சுவழக்கில் இவ்விடத்தை 'கொடுத்து வைத்தவன்' என்னும் தொடர் பற்றிக்கொண்டது. நோற்றவன் பெறுவான் என்ற இடத்தில், கொடுத்தவன் பெறுவான் என்றாயிற்று. பொறுத்தலின் இடத்தை ஈதல் கவர்ந்த இம்மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

இந்நாளில் யாழ்ப்பாணத்துச் சைவர் கந்தசட்டிக்கு விரதம் 'பிடிப்பர்', அல்லது விரதம் 'இருப்பர்', எழுதுங்கால் 'அநுட்டிப்பர்'. நோற்றல் அவர் நாவை விட்டு நீங்கியது. பொருள் முற்றாக நீங்கவில்லை என்பதற்கு ஆறுமுகநாவலரின் சைவவினாவிடை சான்று. மனம் பொறிவழிச் செல்லாது நிற்றற்பொருட்டே உணவை விடுதலும் சுருக்குதலும் என்று அந்நூலின் விரதவியல் கூறுகின்றது. அங்கும் உண்ணாமை கருவியேயன்றிப் பயனன்று.

சொல்லோ வேறோர் இல்லத்தில் உயிரோடு இருக்கின்றது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் ரமழான் மாதத்தில் நோன்பு நோற்கின்றனர். மாலையில் நோன்பு திறக்கின்றனர். மாதம் நிறைந்ததும் நோன்புப் பெருநாள் கொண்டாடுகின்றனர். அவர்தம் சமயநூல்களிலும் அறிவித்தல்களிலும் நோற்றான், நோற்பவர், நோற்க என்னும் வடிவங்கள் இலக்கண வழுவின்றி வழங்குகின்றன. நோன்பாளி பொய்யையும் வீண்சண்டையையும் ஒழிக்கவேண்டும் என்பதும், தன்னை ஏசுவானுக்குத் தான் நோன்பாளி என்று மட்டும் விடையிறுத்தல்வேண்டும் என்பதும் இஸ்லாமிய மரபு. கடுஞ்சொல்லை நோற்றல் என்னும் வள்ளுவர் தொடருக்கு விளக்கம் தேடும் ஆசிரியர்க்கு இதனினும் அணித்தான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.