நாட்டின் குரல் ஒலிக்கும் கட்டடம்

கோலாலம்பூர் ஏரிப்பூங்காவின் அருகே மேட்டு நிலத்தில் உயர்ந்து நிற்கிறது மலேசிய நாடாளுமன்றக் கட்டடம். 222 உறுப்பினர்களைக் கொண்ட மக்களவையும் 70 உறுப்பினர்களைக் கொண்ட மேலவையும் இங்குதான் கூடுகின்றன.

1959ஆம் ஆண்டில் நாட்டின் முதலாவது நாடாளுமன்றம் ஜாலான் அம்பாங்கிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் கூடியது. மக்களாட்சிக்கு நிலையான இருப்பிடம் வேண்டும் என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் விரும்பினார். பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் வில்லியம் ஐவர் ஷிப்லி அதனை வடிவமைத்தார். அப்போது பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கட்டடம் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, அவைகள் கூடும் தாழ்வான முதன்மைக் கட்டடம். மற்றொன்று, அலுவலகங்கள் அமைந்த உயர்ந்த கோபுரம். கோபுரத்தின் வெளிப்புறம் அன்னாசிப் பழத்தின் தோலைப் போல் காட்சியளிக்கும். அது வெறும் அலங்காரம் அன்று. வெயிலின் கடுமையைத் தணித்து, வெளிச்சத்தை உள்ளே விடும் தடுப்பு ஆகும்.

முதன்மைக் கட்டடத்தின் கூரையில் 11 கூம்புகள் உள்ளன. இவை மலாயாக் கூட்டரசின் 11 மாநிலங்களைக் குறிக்கின்றன. ஆனால், 1963 நவம்பரில் மாமன்னர் துவாங்கு சைட் புத்ரா கட்டடத்தைத் திறந்து வைத்தபோது, மலேசியா உருவாகி மாநிலங்கள் 14 ஆகியிருந்தன. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிவதற்கான சட்டமும் இங்கேயே நிறைவேறியது. கூரை மாறவில்லை, அதன் கீழ் நாட்டின் எல்லை இருமுறை மாறிவிட்டது.

சட்ட மசோதா ஒன்று பொதுவாக மக்களவையில் விவாதிக்கப்பட்டு, மேலவையின் ஒப்புதலையும் மாமன்னரின் இசைவையும் பெற்றுச் சட்டமாகும். அரசியலமைப்பைத் திருத்துவதற்குப் பொதுவாக ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு தேவை. 2019 ஜூலை 16ஆம் நாள், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தம் மக்களவைக்கு வந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி 211 உறுப்பினர்கள் ஆதரித்தனர், எதிர்த்தவர் எவருமிலர். 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

முன்அனுமதி பெற்று இக்கட்டடத்தைக் காணச் செல்லும் மாணவர்கள், பார்வையாளர் மாடத்தில் அமைதி காக்க வேண்டும். கீழே பேசுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஓரிரு ஆண்டுகளில் அம்மாணவர்கள் கைக்கே வந்துவிடும்.